பெயிலான நெஞ்சு

வெறுங்கையோடுதான் சுபைறா அன்று படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் மேலே ஓரடி வைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். இழுத்த மூச்சு தொண்டையோடு நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். வாரின் தடம் பாதத்தில் பள்ளமாகப் பதிந்து கிடந்தது.

சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரம் வீடு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால், சாய்ந்தமருதில் பலருக்கு இந்த மாடி வீடுகள்தான் கிடைத்தன. சுபைறாவுக்கும் புருஷன் மீராமுகைதீனுக்கும் மூன்றாம் மாடி. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இதே படியில் ஏறியவள் அவள். வயது நாற்பத்தெட்டு. கடற்கரையில் அவளுக்கு ஒரு கருவாட்டு வாடி இருந்தது. நாலு காலில் தகரக் கூரை, மீனை உப்பில் போடும் சீமெந்துத் தொட்டிகள், காயப்போடும் பரண்கள், நாலு பெண்கள் வேலைக்கு. அந்தக் காணி அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்தது. வாடியில் நின்று அவள் கூப்பிட்டால் தோணிக்காரனுக்குக் கேட்கும் என்பார்கள்.

இப்போது அந்தக் குரல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை மூன்று தலையணையாயிற்று. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். முட்டு, இழுப்பு என்று ஒருவர் சொன்னார். கடல் காற்றுக் குணம் என்று இன்னொருவர். தங்கச்சி நஸீறா போய் லெப்பையிடம் ஓதின தண்ணி வாங்கி, போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து அடுக்கினாள்.

"முழுக்கக் குடிங்க ராத்தா. மிச்சம் வைக்கப்படா."

சுபைறா குடித்தாள். கால் இன்னும் வீங்கியது.

கடைசியில் மீராமுகைதீன்தான் அவளை ஓட்டோவில் ஏற்றி கல்முனைக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார், படம் எடுக்கச் சொன்னார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஹார்ட் பெயிலியர்" என்று சொல்லி, வார்டில் தங்கி நிற்க வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

மீராமுகைதீன் அப்படியே சுவரோடு சாய்ந்தார். அவருடைய உதடு ஏதோ ஓதத் தொடங்கியது. பெயிலியர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். நெஞ்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். இனி என்ன, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

ஊசி போட வந்த தாதி தர்மிகா மிஸ்ஸி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். காரைதீவுப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"ஐயா, பயப்பிடாதீங்க. நிண்டு போச்சு எண்டு அர்த்தமில்ல. அக்காட நெஞ்சு வேலை செய்யுது. காணாமச் செய்யுது. அவ்வளவுதான்."

"காணாம எண்டா?" என்று சுபைறா கேட்டாள்.

"வயலுக்குத் தண்ணி இறைக்கிற மெசின் இருக்குதுதானே. அது இழுக்கிற பலம் குறைஞ்சா தண்ணி பின்னால தேங்கிரும். உங்கட உடம்புலயும் அப்பிடித்தான். கால்ல தேங்கி வீங்குது. நுரையீரல்ல தேங்கினதாலதான் படுக்க ஏலாமக் கிடக்கு. இந்த ஊசியோட தண்ணி இறங்கும் பாருங்க."

இறங்கியது. விடியும்வரை சுபைறா கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். விடிந்தபோது பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அடிவயிறுவரை மூச்சு போனது. அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள்.

"முந்தி எப்பவாச்சும் நெஞ்சு கடுமையா நொந்ததா அக்கா?" என்று டொக்டர் கேட்கச் சொன்னதாக மிஸ்ஸி கேட்டாள்.

சுபைறா யோசித்து யோசித்துச் சொன்னாள். சுனாமி நடந்த கிழமை, பள்ளிக்கூட முகாமில், ஒரு பகல் முழுக்க நெஞ்சு அமுக்கியது. நோவு தாடைவரை ஏறியது. வியர்வையில் உடுப்பு நனைந்தது. வாய்வு என்று யாரோ இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார்கள். அந்த முகாமில் அன்றைக்கு நெஞ்சு நோகாதவர் யார்? பதினொரு வயது மகள் றிஸ்மியாவைக் கடல் கொண்டுபோய் மூன்றாம் நாள் அது. மீராமுகைதீனின் கையிலிருந்துதான் அந்தப் பிள்ளை போனது. அன்றிலிருந்து அவர் கடற்கரைக்குப் போவதேயில்லை. கடலில் வளர்ந்த மனுசன், மூன்றாம் மாடியில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பதான் ஹார்ட் அட்டாக் வந்திருக்கு. நெஞ்சுல ஒரு பக்கத் தசை செத்துப் போச்சு. மற்றப் பக்கம் இவ்வளவு நாளும் சுமந்திருக்கு" என்றாள் மிஸ்ஸி.

நெஞ்சு எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று பார்க்க மட்டக்களப்புக்குப் போய் எக்கோ எடுத்துவர வேண்டும் என்றார்கள். யுத்தம் வடக்கே நடந்துகொண்டிருந்த காலம். கிழக்கில் வெடிச் சத்தம் ஓய்ந்திருந்தாலும் வீதியில் காவலரண்கள் அப்படியே இருந்தன. பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, கம்பி வேலிக்கு நடுவே நீள நடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும்.

எல்லோரும் இறங்கினார்கள். சுபைறா இறங்கவில்லை.

"எழும்பு புள்ள. ஆமிக்காரன் பாக்கிறான்" என்றார் மீராமுகைதீன்.

"பாக்கட்டும். என்னால அவ்வளவு தூரம் ஏலா."

"மெல்ல மெல்ல நடப்பம். நான் புடிக்கிறன்."

"நான் இரிக்கன். அவன் வந்து பாக்கட்டும்."

வந்தான். மீசை சரியாக முளைக்காத சிப்பாய். "பஹின்ன" என்றான். இறங்கு என்று அர்த்தம். சுபைறாவுக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். முடியாது, அசனீபம், சுகமில்லை என்றாள். அவன் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னான். வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கும் சேர்த்துக் கரைச்சல் தரப் போகிறாள் என்று ஒருவர் முணுமுணுத்தது உள்ளே கேட்டது.

சுபைறா காலைத் தூக்கி முன்சீட்டின் விளிம்பில் வைத்தாள். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தாள். விரல் போன இடத்தில் குழி விழுந்தது. குழி நிறையவில்லை. சிப்பாய் குனிந்து பார்த்தான். அவள் அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் அந்தக் குழி மெல்ல மெல்லத் தூருவதைப் பார்த்தபடி நின்றான். பிறகு அவளுடைய பையைத் திறந்து பார்த்து, மூடி, மடியிலேயே வைத்துவிட்டு, மீராமுகைதீனை மட்டும் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

பஸ் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு தடையைத் தாண்டியது. அந்தப் பக்கத்தில் ஏறிய மீராமுகைதீன் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் விழுந்தார்.

"ஏன் புள்ள இப்பிடிச் செய்ற? சுட்டிருந்தானெண்டா?"

"பயந்து நடந்திருந்தா இங்கால என்னய உசிரில்லாம மையித்தாத்தான் ஏத்தியிருப்பிங்க."

எக்கோவில் நெஞ்சின் பலம் பாதிக்கும் குறைவு என்று வந்தது. மருந்துக் குளிசைகள் கூடின. கல்முனைக் கிளினிக்கில் தர்மிகா மிஸ்ஸி அவளை முன்னால் இருத்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். குளிசை ஒருநாளும் விடக்கூடாது, சுகம் என்று தோன்றினாலும் விடக்கூடாது. தேத்தண்ணி, கஞ்சி, ஆணம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. ஒவ்வொரு நாளும் காலையில் சலம் கழித்தபின், சாப்பிட முதல் நிறை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது தண்ணி. இளைப்பு வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் உடனே வர வேண்டும்.

"உப்புக் குறைக்கணும். என்ன வேலை அக்கா செய்றீங்க?"

"கருவாடு போடுற."

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். சுபைறாவும் சிரித்தாள்.

"உப்பத் தொடுங்க, அக்கா. வாயில வைக்காதீங்க."

"வேலைக்குப் போகலாமா மிஸ்ஸி?"

"போகணும். சும்மா படுத்தா இருக்கிற பலமும் போகும். மூச்சு வாங்கினா இருங்க, அடங்கினா எழும்புங்க. பாரம் தூக்க வேணாம்."

ஆனால் வீட்டில் கதை வேறாக இருந்தது. மீராமுகைதீன் முன்னறையில் கட்டிலைப் போட்டு, மெத்தை விரித்து, அவளைப் படுக்கச் சொன்னார். தண்ணி அவர் கொண்டுவந்தார், சோறு அவர் ஆக்கினார், எழும்பினால் ஓடி வந்தார். செய்தி ஊரில் பரவ, சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டிலைச் சுற்றி இருந்து, மெல்லிய குரலில் கதைத்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தவன் இது ஜனாஸா எடுக்கும் சாவு வீடு என்றுதான் நினைத்திருப்பான்.

ஒருநாள் மாமி முறையான ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்து அழுதாள். "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கோ மகள்."

சுபைறா கையை இழுத்துக்கொண்டாள். "நான் ஒண்டையும் பொறுக்கல்ல மாமி. என்ட கலியாணத்துல நீங்க சண்ட புடிச்சதும் ஞாபகம் இரிக்கி. பொறுக்கிறதுக்கு இன்னும் நாள் கிடக்கு."

"அப்பிடிச் சொல்லாதங்க ராத்தா" என்றாள் நஸீறா பதறி. "ஹார்ட் பெயில் எண்டாங்களே."

"ஓம், பெயில்தான். பெயிலான புள்ளைய குழி வெட்டிப் புதைக்கிறயா? அதே வகுப்புல திரும்ப இருத்திப் படிப்பிக்கிறல்லயா? என்ட நெஞ்சும் படிக்கட்டும். ஓதின தண்ணியையும் எடுத்துக்கிட்டுப் போ. ஒரு மிடறு தா, அல்லாஹ்ட பறக்கத்துக்கு. போத்தல் போத்தலா ஊத்த இது கிணறில்ல."

அடுத்த நாள் விடியச் சுபஹ் தொழுததும் அவள் படியிறங்கினாள். வாடியில் மீன் பெட்டிகளை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றாள். வேலைக்காரி நதீரா எண்ணை வாசித்து, தகரச் சுவரில் கரியால் எழுதினாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "நெத்தலி மாதிரி வந்துட்டீங்க ராத்தா, ஆரும் வாங்க மாட்டாங்க" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு அது ஒவ்வொரு நாளும் நடந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. முன்பு நின்றுகொண்டு ஏசியவள் இப்போது இருந்துகொண்டு ஏசினாள். தூக்கும் வேலையை மற்றவர்களுக்குக் கொடுத்தாள். சலம் போகக் கொடுத்த குளிசையை வாடிக்குப் போய் இறங்கிய பிறகுதான் போட்டாள். நடுவழியில் தவிக்க அவளால் முடியாது.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. வீதியில் சிலர் வெடி கொளுத்தினார்கள். தமிழ் ஆட்கள் இருக்கும் பெரியநீலாவணைப் பக்கம் வெடி இல்லை, கதவுகள் சாத்தியிருந்தன. ஆனால் கொஞ்ச நாளில் கடலுக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர, தோணிகள் தூரம் போயின. கரை மீனால் நிறைந்தது.

ஒரு பின்னேரம் சுபைறா வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழமைபோல் இருந்து மூச்சை ஆற்றியபோது மேலே ஆண்குரல் கேட்டது. தெரிந்த குரல். பெரியநீலாவணைச் சீனித்தம்பி, இரண்டு படகுக்காரன்.

"வாடியத் தந்தீங்களெண்டா தொட்டியளத் திருத்தி நான் நடத்துவன். உங்கட பேருக்கும் ஒரு பங்கு வரும்."

"எடுங்க தம்பி. அவவால இனி ஏலா. அவ வீட்டோட இரிக்கட்டும்" என்றது மீராமுகைதீனின் குரல்.

சுபைறாவுக்கு உடனே எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடினால் கதவடியில் வாய் திறக்க மூச்சிருக்காது. அதனால் இருந்தாள். நெஞ்சின் அடி தணியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழுந்து, ஒவ்வொரு படியாக ஏறி, கதவைத் தள்ளினாள்.

"வாடி குடுக்கிறதுக்கு இல்ல."

இருவரும் எழும்பினார்கள்.

"காணி என்ட பேர்ல. என்னட்டக் கேக்காம ஆரு வித்த?"

"விக்கல்ல புள்ள. உனக்காகத்தான்..."

"எனக்காக எண்டா என்னய ஏன் கேக்கல்ல? நான் மௌத்தாப் போனயா?"

மீராமுகைதீனின் வாய் கோணியது. அவர் தன் வலது கையைப் பார்த்தார். "இந்தக் கையாலதான் அந்தப் புள்ளைய விட்ட. உன்னையும் விட ஏலா எனக்கு. வீட்ட இருந்தா நான் பாத்துக்கிட்டு இரிப்பன்."

சீனித்தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சுபைறா கட்டிலில் இருந்தாள். குரல் இறங்கியது. ஆனால் சொன்னது இறங்கவில்லை.

"நீங்க விடல்ல. கடல் பறிச்ச. அத நான் நாலு வருசமாச் சொல்றன், உங்களுக்குக் கேக்கல்ல. என்னய இந்த மெத்தையில புடிச்சி வெச்சா நான் கூட நாள் இரிப்பனெண்டு நினைக்கிறிங்க. ஒருநாளும் இல்ல. போற நாள் அல்லாஹ்ட கையில. அதுவரைக்கும் நான் எழும்பித்தான் நிப்பன். உங்களுக்குப் பாக்க ஏலாட்டிக் கண்ண மூடுங்க."

சீனித்தம்பி கதவடிவரை போய்த் திரும்பினான்.

"எனக்கு வாடி வேணாம் அக்கா" என்றான் சீனித்தம்பி கடைசியில். "நீங்க நடத்துங்க. என்ட ரெண்டு படகு மீனையும் உங்கட வாடிக்கே இறக்குறன். எடுப்பீங்களா?"

"நல்ல மீனெண்டா எடுப்பன். நேத்தைய மீன இண்டைக்கெண்டு சொல்லி ஏமாத்தினாத் திருப்பி ஏத்துவன்."

"ஓம் அக்கா, தெரியும்" என்றான் அவன்.

அன்றிலிருந்து மீராமுகைதீன் அதிகம் கதைக்கவில்லை. சோற்றை மட்டும் உப்புக் குறைத்து ஆக்கினார். முதலில் அவளுக்கு வேறாகவும் தனக்கு வேறாகவும். பிறகு ஒரே சட்டியில்.

ஆடி மாத வெயிலில் கட்டா மீன் குவிந்தது. நாள் முழுக்க வேலை. சுபைறாவின் முழங்கால் நோகத் தொடங்கியது. பாமசியில் சொல்லி நோவுக்குக் குளிசை வாங்கினாள். சாப்பாட்டோடு ஒன்று, படுக்கும்போது ஒன்று. முழங்கால் இலகுவாயிற்று. தராசு மட்டும் ஏறியது. முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

"அல்ஹம்துலில்லாஹ், சதை புடிச்சிட்டிங்க ராத்தா. முகம் நல்லா ஊறியிரிக்கி" என்றாள் வாடிக்கு வந்த நஸீறா.

மூன்றாம் நாள் காலை, நஸீறாவும் வந்து பக்கத்தில் நிற்க, சுபைறா தராசில் ஏறினாள். நதீரா எண்ணைச் சொன்னாள். இரண்டு கிலோ கூட. சுபைறா இறங்கி, திரும்ப ஏறினாள். அதே எண். குனிந்து காலை அழுத்தினாள். விரல் புதைந்தது.

இளைப்பு இல்லை. நடக்க முடிந்தது. சீனித்தம்பியின் இரண்டு படகும் வந்துகொண்டிருந்தன. தொட்டிகள் நிறையக் கட்டா கிடந்தது. இன்றைக்கு ஒருநாள் போகட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று அவளுடைய மனம் சொன்னது. இவ்வளவு வீறாப்புப் பேசிவிட்டு இப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடினால் மனுசன் என்ன சொல்லுவார் என்றும் சொன்னது. அவள் கடலைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். பிறகு ஏப்ரனைக் கழற்றினாள்.

"நஸீறா, ஓட்டோ ஒண்டு புடி. கல்முனைக்கு."

"ஏன் ராத்தா, நல்லாத்தானே இரிக்கிங்க?"

"இது சதை இல்ல புள்ள. தண்ணி. வா."

ஓட்டோவில் ஏறும்போது நதீராவைக் கூப்பிட்டாள். "மாடிக்குப் போய் அவரிட்டச் சொல்லு. என்னயப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வரவேணாமாம். மீன் பழுதாகப் போகுது, வாடிக்குப் போகட்டுமாம். நான் சொன்ன எண்டு சொல்லு."

கிளினிக்கில் தர்மிகா மிஸ்ஸி காலைப் பார்த்ததும் கேட்டாள். "புதுசா என்ன குளிசை போட்டீங்க?"

சுபைறா இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். மிஸ்ஸி தலையில் கையை வைத்தாள்.

"அக்கா, இது தண்ணியப் பிடிச்சு வைக்கும். நெஞ்சு வருத்தக்காரருக்கு ஆகாத குளிசை. முழங்கால் நொந்தா எங்களட்ட வந்து கேக்கணும். நாங்கதான் இதச் சொல்லாம விட்டுட்டம். சரி, நேரத்தோட வந்திட்டீங்க. நாளைக்கு எண்டிருந்தா திரும்பவும் உக்காந்துகொண்டுதான் படுத்திருப்பீங்க."

ஊசி போட்டார்கள். வார்டில் வைத்துக்கொண்டார்கள். மீராமுகைதீன் வரவில்லை. முதல் நாள் சுபைறா அதைப் பற்றி யோசிக்காதவள்போல் கிடந்தாள். இரண்டாம் நாள் வாசலைப் பார்த்தாள். நஸீறாவிடம் கேட்டாள், அவள் மழுப்பினாள். ஆஸ்பத்திரித் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று சுபைறா ஓட்டோக்காரனை நேரே கடற்கரைக்குப் போகச் சொன்னாள்.

தூரத்திலிருந்தே கண்டாள். பரண்கள் நிறைய, வெயிலில் கட்டாக் கருவாடு. தொட்டிக்குப் பக்கத்தில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கைவரை உப்போடு, மீராமுகைதீன். அவருடைய முகம் கடலைப் பார்த்து இருந்தது. நாலரை வருடத்துக்குப் பிறகு அந்த மணலில் அவர் நின்றார்.

"முதல் நாள் வந்து நிண்டு அழுதார் ராத்தா" என்று நதீரா கிசுகிசுத்தாள். "நிறைய நேரம். பிறகு கத்திய எடுத்தார்."

சுபைறா பக்கத்தில் போனாள். அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. விரல்கள் முள் கீறி, உப்பில் எரிந்துகொண்டிருந்தன. அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கணுக்காலில் பார்வை நின்றது. வீக்கம் இல்லை.

அவள் ஒரு கருவாட்டை எடுத்து, விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இவ்வளவு உப்பு ஆருக்கு? ஊர் முழுக்க என்ட வருத்தத்தக் குடுக்கப் பாக்கிறிங்களா?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ சொல்லித் தந்தாத்தானே தெரியும்."

"நாளைக்குச் சொல்லித் தாறன். நாளைக்கும் வருவிங்கதானே?"

"வருவன்" என்றார்.

கரையில் எஞ்சின் சத்தம் கேட்டது. சீனித்தம்பியின் படகு மணலில் முட்டியது. கட்டா வந்திருக்கிறது அக்கா, கெதியா வாங்க, வெயில் ஏறுகிறது என்று அவன் கையை ஆட்டிக் கத்தினான். மீராமுகைதீன் அவளுடைய முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். பிறகு அவராகவே இழுத்துக்கொண்டு, ஓரமாக விலகி வழிவிட்டார்.

சுபைறா செருப்பைக் கழற்றினாள். சுடுமணலில் கால் வைத்து நடந்தாள். பாதி வழியில் நின்று, இடுப்பில் கை வைத்து, மூச்சை ஆற்றினாள்.

"கத்தாத தம்பி!" என்றாள். குரல் படகைத் தாண்டிப் போனது. "நான் என்ட நடையிலதான் வருவன். படகு நிக்கட்டும்."